மங்கிய எழுத்துக்கு மையாடுதல்: சைதாப்பேட்டைக் கல் முதல் கட்டளை வரி வரை

சென்னைக் கோட்டையிலிருந்து பரங்கிமலை நோக்கித் தெற்கே செல்லும் சாலை சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கிறது. அவ்விடத்தில் இன்று நிற்பது மறைமலையடிகள் பாலம். 1966-இல் அது எழுவதற்கு முன் அங்கிருந்த பழைய பாலம் ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுக்காலம் மக்களைச் சுமந்தது. கும்பினியார் ஆவணங்கள் அதனை மர்மலாங் பாலம் என்று குறிக்கின்றன. மாம்பலம் என்னும் ஊர்ப்பெயரே அயலார் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர். 1726-இல் அப்பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டுவித்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். பரங்கிமலை உச்சிக்கு ஏறும் படிகளைச் செப்பனிட்டவரும் அவரே. 1751-இல் காலமான அவருடைய உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது.

பாலம் கட்டியவர் தம் செயலைக் கல்லில் எழுதிவைத்தார். அக்கல்வெட்டு பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. பாரசீகம் ஆட்சியின் மொழி. அப்போது தில்லியில் முகம்மது ஷாவும் ஆர்க்காட்டில் நவாபு சாதத்துல்லா கானும் ஆண்டுகொண்டிருந்தனர். இலத்தீன் உஸ்கான் சார்ந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மொழி. ஆர்மீனியம் அவருடைய தாய்மொழி. பாலத்தின்மீது நடந்தவர்களில் பெரும்பாலோர் பேசிய தமிழ் அக்கல்லில் இடம்பெறவில்லை. பழைய பாலம் அகன்ற பின்னும் அக்கல்வெட்டுப் பலகைகள் சாலையோரத்தில் எஞ்சின. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை பெயரைத் தாங்கிய பாலத்தின் அருகே மூன்று அயல்மொழிகள் வெயிலில் தேய்ந்துகொண்டிருந்தன என்பதை வரலாற்றின் சிறு விளையாட்டு எனலாம்.

ஆர்மீனியருக்கும் சென்னைக்கும் உள்ள உறவு வணிகத்தோடு முடிந்துவிடவில்லை என்பதை இலக்கிய அன்பர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தராரர்' 1794-இல் வெளிவந்தது இந்தச் சென்னையிலேதான். அருட்தந்தை ஹாருத்யூன் ஷ்மாவோன்யான் அதனை இங்கே அச்சிட்டு வெளியிட்டார். ஒரு மொழியின் இதழியல் வரலாறு நம் நகரின் தெருவொன்றில் தொடங்குகிறது என்றால், அம்மொழி பேசியோர் விட்டுச்சென்ற கல்லெழுத்துகளைப் படிக்கும் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

படிப்பது எப்படி? சாலையோரக் கல்லுக்குப் பகைவர் பலர். மழை கரைக்கிறது, புழுதி குழிகளை நிரப்புகிறது, வாகனப்புகை கல்லையும் எழுத்தையும் ஒரே கருமையாக்குகிறது, சுவரொட்டிப் பசையும் சுண்ணாம்பும் மேலே படிகின்றன. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டைப் பாலத்தில் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. 2018 மே மாதத்தில் சைதாப்பேட்டை வழியாக மெட்ரோ இரயில் ஓடத் தொடங்குவதற்கு முன் பல ஆண்டுகள் அப்பகுதியின் மண் புரட்டப்பட்டுக் கிடந்தது. இத்தகைய சூழலில் ஒரு கல்லைப் படமெடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சாம்பல் நிறப் பரப்பு. எழுத்து அதில் உண்டு. ஆனால் கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாத அவ்வெழுத்தைப் புலப்படச் செய்யும் கலையின் வரலாற்றையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். அவ்வரலாறு விளக்குக்கரியில் தொடங்கிக் கணினியின் கட்டளை வரியில் வந்து நிற்கிறது.

ஓலையும் கரியும்

எழுத்தாணி ஓலையில் எழுதுவதில்லை, கீறுகிறது. கீறிய மாத்திரத்தில் எழுத்துக்கு நிறம் ஏதுமில்லை. வெளிறிய ஓலையில் வெளிறிய கீறல். சாய்த்துப் பிடித்தாலன்றிப் படிக்க இயலாது. எனவே நம் முன்னோர் ஏட்டுக்கு மையாடினர். மஞ்சள், வசம்பு, மணத்தக்காளியிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு, மாவிலைக்கரி, விளக்குக்கரி என அங்கங்கே கிடைத்தவற்றைக் குழைத்து ஓலைமுழுதும் தடவினர். பின்னர்த் துணியால் துடைத்தனர். மேற்பரப்பில் இருந்த கரி துணியோடு போயிற்று. கீறலுக்குள் இறங்கிய கரி தங்கிற்று. எழுத்து கறுத்துத் தோன்றியது. இன்றும் சுவடி பாதுகாப்போர் புல்தைலத்தில் விளக்குக்கரியைக் குழைத்து இவ்வாறே செய்கின்றனர்.

இச்செயலை அறிவியல் மொழியிற் சொன்னால், எழுத்துக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள ஒளிவேறுபாட்டை மிகுவித்தல். ஆங்கிலத்தில் கான்ட்ராஸ்ட் எனப்படுவது இதுவே. தமிழில் வண்ணமாறுபாடு, வேறுபாட்டளவு என்றெல்லாம் எழுதுகின்றனர். மையாடுதல் என்ற பழஞ்சொல்லே பொருளை நன்கு உணர்த்துகிறது என்பது நம் எண்ணம்.

மையாடுதலில் ஒரு நுட்பம் உண்டு. எழுத்தாணி கீறிய பள்ளம் எது, பூச்சி அரித்த பள்ளம் எது என்று கரிக்குத் தெரியாது. இரண்டையும் ஒருங்கே கறுப்பாக்கும். இரண்டையும் பிரித்தறிய வேண்டியவர் படிப்பவரே. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். கணினிக்கு வந்த பிறகும் இதில் மாற்றமில்லை.

கல்லும் காகிதமும்

கல்வெட்டு படிப்போர் கையாண்டது மைப்படி முறை. கல்லை நீரும் தூரிகையும் கொண்டு கழுவி, ஈரக்காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் மெல்லத் தட்டுவர். காகிதம் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும். பின்னர் மை தோய்த்த பஞ்சுப்பொதியால் மேலே ஒற்றுவர். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்துகளாகக் கல்வெட்டு காகிதத்தில் எழும். ஓலையில் பள்ளம் கறுத்தது. காகிதத்தில் பள்ளம் வெளுத்தது. முறை தலைகீழ், நோக்கம் ஒன்று. 1886-இல் ஹூல்ச் என்னும் ஜெர்மானிய அறிஞர் சென்னையில் அரசுக் கல்வெட்டாய்வாளராக அமர்ந்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. சோழர் வரலாறென்று இன்று நாம் அறிவதன் பெரும்பகுதி இந்தக் கறுத்த காகிதங்களின் வழியே வந்தது.

அதற்கும் முன்னரே நிழற்படக் கருவி கல்வெட்டை நாடிவிட்டது. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஏறத்தாழ பத்தொன்பதடி நீளச் சுருளாக்கினார். ஒரு கல்வெட்டை நடந்து நடந்து படிப்பதுபோலப் படத்தில் படிக்கலாம் என்ற எண்ணம் அக்காலத்துக்குப் புதிது. இதே டிரைப் தம் மற்ற படங்களின் எதிர்படிவங்களில் மேகத்தையும் இலைத்தொகுதியையும் தூரிகையால் தீட்டிச் சேர்த்தவர் என்பதும் கருதத்தக்கது. அன்றைய வேதிப்பொருள் வானத்தை வெறும் வெள்ளையாகவே பதிவு செய்தது; குறையைக் கை நிரப்பிற்று. அழகுக்காகச் செய்யும்போது அது கலை. எழுத்தின்மேல் செய்தால் அது இடைச்செருகல்.

எழுத்தைப் புலப்படுத்தும் ஆர்வம் எழுத்தையே அழித்த கதைகளும் உண்டு. உரோமாபுரி வத்திக்கான் நூலகத்தில் ஆஞ்சலோ மாய் என்னும் பாதிரியார், சுரண்டி அழித்து மேலெழுதப்பட்ட தோற்சுவடியொன்றின் அடியில் சிசரோவின் 'குடியரசு' நூலைக் கண்டெடுத்து 1822-இல் பதிப்பித்தார். அடியெழுத்தை எழுப்ப அக்காலத்தார் கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்கின் சாற்றைத் தோலில் பூசினர். எழுத்து சிறிது நேரம் எழுந்தது. பின்னர்த் தோல் முழுதும் பழுப்பேறிக் கறைபட்டது. அடுத்து வந்தவர்கள் படிக்க முடியாமற் போன பக்கங்கள் பல. ஒருவர் ஒருமுறை படித்ததற்கு விலையாக, பின்வரும் தலைமுறையினரின் கண்கள் கட்டப்பட்டன.

அயல்நாட்டைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. எழுத்து தெரியவேண்டுமென்று கல்வெட்டில் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பதும், தாம் ஊகித்த எழுத்தின்மேல் வெள்ளை வண்ணம் தீட்டுவதும் தமிழ்நாட்டுக் கோயில்களில் இன்றும் காணும் காட்சிகள். திருப்பணியின் பெயரால் மணலை வீசியடித்துக் கல்லைப் பளபளப்பாக்கியபோது கரைந்த எழுத்துகளுக்குக் கணக்கில்லை.

எண்களாகிய மை

1987-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிறிஸ்டி என்பவருக்கு ஒரு சிறு தேவை எழுந்தது. கோடிக்கணக்கான நிறங்கள் கொண்ட படத்தை, 256 நிறங்கள் மட்டுமே காட்டவல்ல அன்றைய திரையில் காட்டவேண்டும். அதற்கென அவர் எழுதிய நிரலே இமேஜ்மேஜிக். நிறுவனம் உரிமையை விட்டுக்கொடுக்க, 1990 ஆகஸ்டில் அது எவரும் பயன்படுத்தத்தக்க கட்டற்ற மென்பொருளாக வெளியாயிற்று. இதற்குச் சுட்டியோ பொத்தானோ வேண்டுவதில்லை. செய்யவேண்டியதை ஒரு வரியாகத் தட்டச்சிட்டால் போதும். முதலில் மேஜிக் என்ற சொல் (2016-இல் ஏழாம் பதிப்பு வருமுன் கன்வர்ட் என்ற சொல்), அடுத்து மூலப்படத்தின் பெயர், அடுத்துச் சிறுகோடு முன்னிட்ட ஏவல்கள், இறுதியில் புதுப்படத்தின் பெயர். வாக்கிய அமைப்பு இவ்வளவே. எழுவாய், பயனிலை என்று வாழ்நாளெல்லாம் நடத்திய தமிழாசிரியர்களுக்கு இது கடினமான இலக்கணமன்று.

இவ்வேவல்கள் படத்தில் என்ன செய்கின்றன என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். கறுப்பு வெள்ளைப் படமொன்றில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்பது முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. உச்சிவெயிலில் எடுத்த தேய்ந்த கல்லின் படத்தில் எல்லாப் புள்ளிகளும் 90-க்கும் 160-க்கும் இடையே நெருங்கிக் கிடக்கின்றன என்று கொள்வோம். எழுத்துப் பள்ளம் 110, அதைச் சூழ்ந்த தளம் 124. இடைவெளி வெறும் 14. கண் அதனைக் காண்பதில்லை. இப்போது 90-ஐ 0 என்றும் 160-ஐ 255 என்றும் வைத்து இடைப்பட்டவற்றை அதற்கேற்ப விரித்தால், அந்த 14 என்னும் இடைவெளி 51 ஆகிறது. எழுத்து எழுந்துவிடுகிறது. இதற்கான ஏவல் லெவல் என்பது. கட்டளை ஆங்கில எழுத்தில் இடப்படுவது. தமிழெழுத்தில் எழுதினால் இவ்வாறிருக்கும்:

மேஜிக் கல்.டிஃப் -கலர்ஸ்பேஸ் கிரே -லெவல் 35%,63% கல்-விரி.பிஎன்ஜி

255-இல் 90 என்பது ஏறத்தாழ 35 விழுக்காடு. 160 என்பது ஏறத்தாழ 63 விழுக்காடு. அவ்விரு எண்களே வரியில் உள்ளன. எல்லையை நாமே குறிக்காமல் நிரலே கண்டுகொள்ளட்டும் என்று விடுவதற்கு நார்மலைஸ் என்னும் ஏவல் உண்டு. அது இரு ஓரங்களிலும் மிகச்சிறு பகுதியை ஒதுக்கிவிட்டு எஞ்சியதை விரிக்கும். எவ்வளவு ஒதுக்குவது என்பதை நாமே சொல்ல விரும்பினால் கான்ட்ராஸ்ட்-ஸ்ட்ரெட்ச். ஓரங்களை வெட்டாமல் நடுப்பகுதியை மட்டும் மிகுதியாக விரித்து, ஓரங்களை மென்மையாக வளைத்துவிடுவது சிக்மாய்டல்-கான்ட்ராஸ்ட். பலகையின் பாதி வெயிலிலும் பாதி மரநிழலிலும் இருந்தால் மேற்சொன்னவை உதவா. ஒரு பாதிக்குப் பொருந்தும் எண் மறுபாதிக்குப் பொருந்தாது. அதற்கென, படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே விரிப்பைக் கணக்கிட்டு, விரிப்பு ஓர் அளவைத் தாண்டாமல் தடுத்து, கட்டங்களின் எல்லை தெரியாமல் இணைக்கும் முறையொன்று உண்டு. மருத்துவப் படங்களுக்காக 1980-களில் தொடங்கிய இந்த ஆய்வுக்கு 1994-இல் காரெல் சுய்டர்வெல்ட் எளிய நிரல்வடிவம் தந்தார். இமேஜ்மேஜிக்கில் அதன் பெயர் கிளாகி. நெஞ்சின் எக்ஸ்ரேயில் நுரையீரல் நிழலைத் தேடுவதற்குப் பிறந்த கணக்கு, கல்லில் எழுத்தின் நிழலைத் தேடுவதற்கும் பயன்படுகிறது.

கணக்கைச் சற்றே திருப்பிப் பார்த்தால் அதன் எல்லையும் விளங்கும். 14 என்னும் இடைவெளி 51 ஆயிற்று என்றால், மூன்றரை மடங்குக்கும் சற்று மேல். அதே மடங்கு கல்லின் சொரசொரப்புக்கும், புழுதித் துகளுக்கும், கருவியின் இரைச்சலுக்கும் பொருந்தும். எழுத்தை மட்டும் பெருக்கும் ஏவல் எதுவும் இல்லை. முன்பு 71 படிநிலைகளில் அடங்கிய செய்தி, விரித்தபின்னும் 71 படிநிலைகளில்தான் இருக்கிறது. இடையிடையே வெற்றிடங்கள் விழுந்துள்ளன, அவ்வளவே. கருவி பதிவு செய்யாத எழுத்தை எந்த ஏவலும் வருவித்துத் தராது. ஆதலால் படமெடுக்கும் வேளையே முதன்மையானது. காலை மாலைச் சாய்வெயிலில், அல்லது இரவில் பக்கவாட்டில் பிடித்த கைவிளக்கொளியில், பள்ளத்தின் ஒரு கரை நிழலாகவும் மறுகரை ஒளியாகவும் தோன்றும். அந்த நிழலே இயற்கை இடும் மை. ஏட்டைச் சாய்த்துப் பிடித்துப் படித்த புலவர் கையாண்டதும் அதுவே.

புள்ளியின் கதை

இலக்கிய வாசகர் இங்கே ஒரு கேள்வி எழுப்பக்கூடும்: படத்தைத் தெளிவாக்குவது தொழில்நுட்பர் வேலை; பாடத்தை ஆராய்வது நம் வேலை; இரண்டையும் ஏன் குழப்புகிறீர்கள்? ஒரு சிறு புள்ளியைக் கொண்டு விடைகூறுவோம்.

பழைய ஏடுகளிலும் சோழர்காலக் கல்வெட்டுகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடுவதில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். இக்குழப்பங்களுக்கிடையில் சொல்லைப் பிரித்துப் பொருள் கண்டதே பதிப்பாசிரியர்களின் பெருமை. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்ற ஐயத்தோடு இரவுகளைக் கழித்திருப்பார் என்பதை ஊகிக்கச் சுவடி ஒன்றைக் கையிலெடுத்தவர் எவராலும் இயலும்.

இப்போது அத்தகைய கல்லெழுத்தொன்றின் படத்துக்கு விரிப்பு மிகுதியாகக் கொடுத்துவிடுகிறோம் என்று கொள்வோம். கருங்கல்லில் இயல்பாகவே கரிய மணிகளும் வெளிறிய மணிகளும் விரவிக் கிடக்கும். எழுத்தின் தலைமேல் இருந்த ஒரு கரிய மணி, விரிப்புக்குப் பின் தெளிவான புள்ளியாகிவிடுகிறது. உயிர்மெய் மெய்யாகிறது. சொல் மாறுகிறது. பொருள் மாறுகிறது. கல்லில் இல்லாத பாடபேதமொன்றைக் கணினி படைத்துவிட்டது. எதிர்த்திசையிலும் இது நிகழும். சாம்பல்நிறப் படிநிலைகளை நீக்கி, குறித்த அளவுக்கு மேற்பட்டவை வெள்ளை, கீழ்ப்பட்டவை கறுப்பு என்று இரண்டாகப் பிளக்கும் திரெஷோல்ட் என்னும் ஏவல் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் வட்டில் இடம் சுருக்கவேண்டி, பழந்தமிழ் நூல்கள் பல இவ்வாறு ஈர்நிலைப் படங்களாகவே மின்னாக்கம் பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சில் மெலிதாக விழுந்திருந்த புள்ளிகள் அவற்றில் வெள்ளையோடு வெள்ளையாய்ப் போயின. பழுப்பேறிய தாளின் கறைகள் புதிய புள்ளிகளாய் முளைத்தன. நாம் வகுப்பில் அத்தகைய பக்கமொன்றைத் திரையிட்டு, எவை அச்சுப் புள்ளி, எவை தாளின் கறை என்று மாணவரைக் கேட்பதுண்டு. வகுப்பு இரண்டுபடாமல் முடிந்ததில்லை.

சைதாப்பேட்டைக் கல்லுக்கு மீள்வோம். அதன் பாரசீகப் பகுதிக்கும் இது முற்றும் பொருந்தும். பாரசீக எழுத்தில் 'பே' என்னும் பகர ஒலிகள் இரண்டும், 'தே', 'ஸே' என்பவையும் ஒரே உடலுடையவை. கீழே ஒரு புள்ளி இட்டால் ஒன்று. கீழே மூன்று இட்டால் வேறொன்று. மேலே இரண்டு இட்டால் மற்றொன்று. மேலே மூன்று இட்டால் இன்னொன்று. கல்லில் விழுந்த ஒரு பொத்தல் ஒரு பெயரையே மாற்றிவிடக்கூடும். ஆர்மீனிய எழுத்திலோ, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்தோட்ஸ் வகுத்த வரிவடிவங்களுள் பல, ஒரு வளைவாலும் ஒரு வாலாலும் மட்டுமே தம்முள் வேறுபடுபவை. வால் தேய்ந்தால் எழுத்து மாறும். நல்வாய்ப்பாக, சென்னை ஆர்மீனியர் பற்றி முன்னோர் விட்டுச்சென்ற நூல்கள் நமக்குத் துணையுண்டு. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் சென்னை மாகாணத்துக் கல்லறை, நினைவுச்சின்ன எழுத்துகளைத் தொகுத்தார். மெஸ்ரோவ்ப் ஜேக்கப் சேத் 1937-இல் இந்திய ஆர்மீனியர் வரலாற்றைக் கல்கத்தாவில் வெளியிட்டார். கல் இன்றைவிடத் தெளிவாயிருந்த காலத்துக் கண்கள் அவர்களுடையவை. படத்தைத் தெளிவாக்கிப் படிப்பவர், படித்தபின் அக்கண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஒப்பிடும் முன்னரே அந்நூல்களைக் கற்றுவிட்டால், எதிர்பார்ப்பதையே கண் காணும் என்பதையும் மறக்கலாகாது.

கட்டளை வரியும் பதிப்புக்குறிப்பும்

படத்தைத் தெளிவாக்க எத்தனையோ மென்பொருள்கள் உள. கைப்பேசியில் விரலால் ஒரு கோட்டை நகர்த்தினாலே படம் பளிச்சென்றாகிறது. அப்படியிருக்க, தட்டச்சிடும் இப்பழைய முறையை ஏன் பரிந்துரைக்கிறோம்?

விரலால் நகர்த்தியவர், எவ்வளவு நகர்த்தினோம் என்று மறுநாள் சொல்ல இயலாது. அவர் காட்டும் பளிச்சென்ற படத்தை நாம் நம்பலாம் அல்லது நம்பாதிருக்கலாம், ஆராய இயலாது. கட்டளை வரியோ தன் செயலைத் தானே எழுதிவைக்கிறது. 35%,63% என்ற எண்களைக் கண்ட இன்னொருவர் யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ இருந்துகொண்டு, அதே மூலப்படத்தில் அதே வரியை இட்டு அதே விளைவைக் காணலாம். எண்களைச் சற்றே மாற்றி, அந்தப் புள்ளி அப்போதும் நிற்கிறதா என்று சோதிக்கலாம். எல்லா அளவுகளிலும் நிலைத்து நிற்பது எழுத்தாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஓர் அளவில் மட்டும் தோன்றி மறைவது ஐயத்துக்குரியது. வேறொரு திசை ஒளியில் எடுத்த இரண்டாம் படத்திலும் அது நின்றால் ஐயம் மேலும் குறையும்.

இது தமிழுலகம் அறியாத ஒழுங்கன்று. பிரதிகள் எத்தனை கிடைத்தன, எவரிடமிருந்து கிடைத்தன, எந்தப் பிரதியில் எந்தப் பாடம் இருந்தது, தாம் எதனை ஏன் ஏற்றோம் என்று அடிக்குறிப்பில் எழுதிவைத்த பதிப்பாசிரியர் மரபு நம்முடையது. அடிக்குறிப்பில்லாத பதிப்பை நாம் எவ்வாறு ஐயத்தோடு நோக்குகிறோமோ, அவ்வாறே கட்டளை வரி குறிக்கப்படாத 'தெளிவாக்கிய' படத்தையும் நோக்கவேண்டும் என்பது நம் துணிபு. கல்வெட்டுப் படத்தின் கீழே ஊரும் நாளும் எழுதும் வழக்கம் நமக்குண்டு. அவற்றோடு அந்த ஒரு வரியையும் எழுதிவைத்தால் குறையேதும் நேராது.

இன்னொரு பயனும் உண்டு. ஒரு சுவடியில் முந்நூறு ஏடுகள் இருந்தால் முந்நூறு முறை விரலை நகர்த்துவது இயலாத செயல். ஏட்டுக்கு ஏடு அளவும் மாறும். கட்டளை வரியை ஒருமுறை அமைத்துவிட்டால் முந்நூறுக்கும் ஒரே அளவு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இமேஜ்மேஜிக்கில் பல படங்களை ஒருங்கே மாற்றுவதற்கென மோக்ரிஃபை என்ற கட்டளை உள்ளது. வேறிடத்தில் சேமிக்குமாறு பாத் என்னும் ஏவலால் சொல்லாவிட்டால், அது மூலப்படத்தின்மேலேயே புதுப்படத்தை எழுதிவிடும். மூலம் மீளாது. வத்திக்கான் தோற்சுவடியில் பூசிய துவர்ப்புச் சாற்றின் கணினி வடிவம் இது. மூலப்படம் எதுவாயினும் அதனைத் தனியே வைத்துப் படியின்மீதே மை தடவவேண்டும். விளைவை டிஃப், பிஎன்ஜி போன்ற இழப்பில்லா வடிவங்களில் சேமிக்கவேண்டும். ஜேபெக் வடிவம் ஒவ்வொரு முறை எழுதும்போதும் எழுத்தின் ஓரங்களில் சிறு அலைகளை உண்டாக்கும், விரித்தால் அவ்வலைகளும் விரியும்.

மூலப்படத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. படம் எடுக்கும்போது கல் இருக்கிறது. ஆகவே படம் வெறும் படியாகத் தோன்றுகிறது. கல் போய்விட்டால் படமே மூலமாகிவிடும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, எங்கோ எவரோ எடுத்துவைத்திருந்த படிகள் ஒரே நாளில் மூலங்களாயின; படியெடுக்கப்படாதவை இல்லாமற் போயின. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் இதழ்களும் 1994-இல் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நூலகத்தில் நுண்படமாக்கப்பட்டன. அந்நூலகம் இப்போது சைதாப்பேட்டைக்குத் தொலைவில்லாத தரமணியில் இயங்குகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் ஈழத்து நூல்களுக்கெனத் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர் கைகளால் வளர்ந்தவை. அவர்கள் நமக்குச் சேர்த்துவைத்தது படிகளைத்தான். அப்படிகளில் நாம் தடவும் மை மாறாத கறையாகிவிடக் கூடாது.

உலகளவில் ஓர் எடுத்துக்காட்டோடு முடிப்போம். ஆர்க்கிமிடீஸின் நூல்கள் அழித்தெழுதப்பட்ட தோற்சுவடியொன்றை 1906-இல் ஹெய்பெர்க் என்னும் டேனிய அறிஞர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் படித்தார். அதே சுவடி 1998-இல் இருபது இலட்சம் டாலருக்கு ஏலம்போன பின், பல நிற ஒளிகளில் படமாக்கப்பட்டு, ஹெய்பெர்க் காணாத வரிகளும் படிக்கப்பட்டன. அவ்வாய்வினர் தாம் எடுத்த மூலப்படங்களை எவரும் எடுத்தாளும்படி பொதுவில் வைத்தனர். தம்மைவிடக் கூரிய கண்ணுடையவர் நாளை வருவார் என்ற பணிவு அச்செயலில் இருக்கிறது.

சைதாப்பேட்டைக் கல்லுக்கு இருபது இலட்சம் டாலர் எவரும் தரப்போவதில்லை. அதற்கு அது தேவையுமில்லை. மாலை ஐந்து மணிச் சாய்வெயிலும், ஓர் எளிய கருவியும், இலவசமாய்க் கிடைக்கும் நிரலொன்றும், எழுதிவைக்கும் பழக்கமும் போதும். நம் தெருக்களில் உஸ்கான் கல்லைப்போல எத்தனையோ உள்ளன: சத்திரத்துத் தூண்களில், குளக்கரைப் படிகளில், பள்ளிக்கூட அடிக்கற்களில், தண்ணீர்ப்பந்தல் பலகைகளில். அவற்றைக் கடந்து செல்லும் அன்பர்கள் ஒருமுறை நின்று படமெடுக்கட்டும். மூலத்தைக் கைபடாமல் வைத்துக்கொள்ளட்டும். மையாடிய படியின் கீழே, எந்த மையை எவ்வளவு தடவினோம் என்று ஒரு வரி எழுதட்டும். நாம் படிக்க இயலாமல் விட்ட எழுத்தை நமக்குப் பின் வருபவர் படித்துக்கொள்வார்.